கிடாவுக்கு ஒரு மன்றாட்டு

நம் பள்ளிக்கூடக் குரூப்பில் போன வாரம் ஒருவர் புலம்பியிருந்தார். மகன் சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டே கேம் விளையாடுகிறானாம், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லையாம், இவன் உருப்படுவானா என்று கேட்டிருந்தார். உடனே ஆளாளுக்குக் கைகூப்புகிற படமும் அழுகிற முகமும் போட்டீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. காதோரம் நரைத்து, பேப்பர் படிக்கக் கண்ணாடி தேடுகிற வயசு வந்ததும் நாமெல்லாம் என்னவோ பாடப்புத்தகத்தைத் தவிர எதையும் தொடாமலே வளர்ந்த மாதிரி பேசுகிறோம். ஆகையால் என் பங்குக்கு ஒரு கோடையைச் சொல்கிறேன். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் அதே அழுகிற முகத்தை எனக்கும் போட்டுவிட்டுப் போங்கள்.

உங்களில் பலருக்கு என் முகம் ஞாபகம் இருக்கலாம். குரல் ஞாபகம் இருக்காது, ஏனென்றால் நீங்கள் அதைக் கேட்டதே இல்லை. எனக்குத் திக்குவாய். அதிலும் ‘க’வும் ‘ப’வும் வந்தால் முடிந்தது கதை. கடலைப்பருப்பு வாங்கிவரச் சொன்னால் கடையில் அந்தச் சொல்லைச் சொல்ல முடியாமல் துவரம்பருப்பு வாங்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் ஏச்சு வாங்குவேன். வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது என் எண் வந்தால், பக்கத்தில் உட்கார்ந்திருந்த, எரியோடு ஊரிலிருந்து வரும் எரியோட்டுக்காரன் எனக்கும் சேர்த்து “உள்ளேன் ஐயா” என்பான். வாத்தியாருக்கும் அது தெரியும். இரக்கப்பட்டு விட்டுவிட்டார். நல்ல மனுஷர்தான், குறை சொல்லவில்லை. ஆனாலும் ப்ளஸ் ஒன் முழுக்க நான் வந்திருப்பதை இன்னொருவன்தான் சொன்னான்.

அப்பாவும் ஆசிரியர்தான், வேறு பள்ளியில். நான் திக்குவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் என்பது அவர் முடிவு. “வாயைத் தொறந்து ஒரு வார்த்தை பேச இம்புட்டு மடியா?” என்பார். ஊருக்கே பாடம் எடுக்கிறவர் வீட்டில் ஒரு வார்த்தைக்குத் திணறுகிற பிள்ளை என்றால் அவருக்கும் அவமானமாகத்தான் இருந்திருக்கும். இன்று எனக்கு அது புரிகிறது. அன்று புரியவில்லை, எரிச்சலாக இருந்தது.

நான் கம்ப்யூட்டர் சயன்ஸ் குரூப் என்பதால் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார்கள். ஹாலில், திருஇருதய ஆண்டவர் படத்துக்கு நேர் கீழே அதற்கு இடம். அம்மா அதற்கு வாத்துப் படம் தைத்த உறை போட்டு வைத்திருப்பாள். அதைக் கழற்றுவதற்கும் மாட்டுவதற்கும் ஒரு மரியாதை உண்டு. படிப்பதற்கு வந்த அந்தப் பெட்டியில் நான் என்ன படித்தேன் என்பதை விட்டுவிடுவோம்.

விளையாட்டின் பெயர் வேண்டாம், இன்றைக்கு அது இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். அவரவர் ஊரில் அவரவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேர், ஒரே நேரத்தில் ஒரே குகைக்குள் போகவேண்டும். உள்ளே ஒரு மிருகம். ஒருவர் முன்னால் நின்று அதன் அடியை வாங்கவேண்டும், அவர் சாகாமல் ஒருவர் மருந்து போட்டுக்கொண்டே இருக்கவேண்டும், மற்றவர்கள் பின்னாலிருந்து அடிக்கவேண்டும். இதற்கு ரெய்டு என்று பெயர். “ஞாயித்துக்கிழமை ரெய்டு” என்று நான் ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு அம்மா அப்பாவிடம் ஓடினாள். “நம்ம வீட்ல என்னத்த இருக்குன்னு ரெய்டு வருது?” என்று அவர் கேட்டதோடு அது அடங்கியது.

அந்தப் பத்துப் பேரையும் சேர்த்தவன் நான். இதில் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை. எழுத்தில் எனக்குத் திக்காது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டித் தட்டி, விளையாட்டுக்குள் கண்ணில் பட்டவர்களையெல்லாம் பேசிப் பேசிப் பிடித்தேன். முன்னால் நின்று அடி வாங்க எரியோட்டுக்காரன். அவன் ஞாயிறுதோறும் அவனுடைய ஐயா கொடுத்துவிடும் முருங்கைக்காய்க் கட்டைச் சந்தையில் போட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்துகொள்வான். அடுத்த தெருவில் இருந்த சித்தி மகளும் அதே சென்டரில்தான். என்னைவிட ஒரு வயசு இளையவள், வாய் மட்டும் பத்து வயசு மூத்தது. பழனி பக்கம் பாலசமுத்திரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஒருவர், எங்கள் எல்லோரிலும் பெரியவர், எல்லோருக்கும் ‘ங்க’ போடுவார். மருந்து போட மலேசியாவிலிருந்து ஒரு தமிழர், அங்கே லாரி பட்டறையில் வேலை. மீதி ஐந்து பேர் அங்கங்கே இருந்து. எந்த ஊரில் என்றைக்குக் கரண்ட் இருக்காது, யார் வீட்டில் எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்கள் என்று ஒரு கோடு போடாத நோட்டில் எழுதிவைத்து, பத்துப் பேருக்கும் ஒத்துவரும் நேரம் ஞாயிறு மதியம் மூன்று மணி என்று கண்டுபிடித்தேன். அந்த நோட்டு எப்படியோ தொலைந்துவிட்டது. என் டிகிரி சர்டிபிகேட் தொலைந்திருந்தால்கூட இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

அவர்கள் என்னைத் தலைவரே என்றுதான் கூப்பிடுவார்கள். நான் எழுதும்வரை ஒருவரும் அசைய மாட்டார்கள். திண்டுக்கல்லில் என் வார்த்தைக்காக யாரும் காத்திருந்ததில்லை. அந்தக் குகை வாசலில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். அந்த வயசில் எனக்கு இருந்த சொத்து அது ஒன்றுதான்.

அந்தக் கோடையில் நாங்கள் குறிவைத்தது கொம்பு வைத்த ஒரு பெரிய மிருகத்தை. இங்கிலீஷில் வாய்க்கு நுழையாத ஏதோ பெயர். நான் அதற்குக் கிடா என்று பெயர் வைத்தேன். அதன் குகை வாரத்துக்கு ஒருமுறைதான் திறக்கும், ஒருமுறை தோற்றால் அடுத்த வாரம்தான். மே மாதத்து முதல் ஞாயிறு. வெயில் ஓட்டைப் பிளந்தது. தோல் பதனிடும் ஷாப் பக்கமிருந்து நாற்றம் வீசியதால் ஜன்னலைச் சாத்திவிட்டு, மதியம் சாப்பிட்ட கறிச்சோற்று வாசத்தோடு உட்கார்ந்திருந்தேன். வழியெல்லாம் வெட்டிச் சாய்த்துக்கொண்டு, தூங்கிக்கொண்டிருந்த கிடாவின் முன்னால் பத்துப் பேரும் போய் நின்றோம். அது எழுவதற்கு யாராவது அதைத் தொடவேண்டும்.

அப்போது பார்த்து வாசலிலிருந்து அம்மா கத்தினாள். “தண்ணி வந்துருச்சு. எந்திரிச்சு வாடா.”

அந்தக் காலத்துத் திண்டுக்கல்லில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பத்து நாள், பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும். வந்தால் கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்துகூட எழுந்து ஓடுவார்கள். நான் அவசரமாக, சற்றுநேரம் பொறுங்கள் என்று சொல்ல, நம் ஊர் வழக்கப்படி “செத்த இருங்க” என்று இங்கிலீஷ் எழுத்தில் தட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கினேன்.

நம் ஊரில் செத்த நேரம் என்றால் கொஞ்ச நேரம். மலேசியாவில் செத்த என்றால் செத்ததுதான். மருந்து போடுகிற மனிதர் அதைச் “செத்து இருங்க” என்று படித்திருக்கிறார். தலைவர் ஏதோ திட்டத்தோடுதான் சொல்கிறார், எல்லோரும் இன்றைக்குச் செத்துவிட்டு அடுத்த வாரம் முதலிலிருந்து வரச் சொல்கிறார் என்று நினைத்து, கட்டளைக்குக் கீழ்ப்படிந்து, நேராக நடந்துபோய்க் கிடாவின் கொம்பில் விழுந்து செத்துவிட்டார். கிடா எழுந்துவிட்டது. மருந்து போட ஆள் இல்லை. நான் நாலாவது குடத்தை வைத்துவிட்டு ஈரக்கையோடு வந்து பார்த்தபோது, திரையில் பத்துப் பிணம் கிடந்தது. அதில் ஒன்று நான்.

மலேசியாக்காரர் பாவம், மெய்யாகவே குழம்பிப்போய் எழுதியிருந்தார். “தலைவரே, நீங்கதானே சாவச் சொன்னீங்க?”

பாலசமுத்திரத்துக்காரர் அப்போதும் மரியாதை குறையாமல்தான் எழுதினார். “ஏனுங்க தலைவரே, எழுத்துல பேசினா இப்படித்தான் ஆகுதுங்க. வர்ற ஞாயிறு எல்லாரும் மைக் போட்டுப் பேசிரலாமுங்க. உங்களுக்கு அது தோதுப்படாதுன்னா, நான் வேணா முன்னால நின்னு சொல்றனுங்க.” எல்லோரும் சரி என்றார்கள். அவர் சொன்னதில் தப்பே இல்லை. என் வாயைப் பற்றி அவருக்குத் தெரியாது. தெரிந்த இரண்டு பேர் பிரவுசிங் சென்டரில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலமே எரியோட்டுக்காரன் வீட்டுக்கு வந்தான். “ஏலே, நீ எனக்கு மட்டும் டைப் பண்ணு, நான் அதை வாசிச்சுச் சொல்லிர்றேன். உள்ளேன் ஐயா சொல்றேன்ல, அது மாதிரிதான்” என்றான். அன்பாகத்தான் சொன்னான். எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது. வேண்டாம் என்று தலையாட்டினேன். நானே பேசுகிறேன், இல்லாவிட்டால் தலைவர் பதவியைப் பாலசமுத்திரத்துக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். 

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி. கிடா என்ற சொல்லையே என்னால் சொல்ல முடியவில்லை. எழுத்தில் பெயர் வைத்ததால் வந்த வினை. ஆடு என்று வைத்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. புதன்கிழமை சித்தி மகளை சென்டரில் உட்காரவைத்து, மைக்கில் பேசிப் பார்த்தேன். மைக்கின் காதுப்பகுதி ஏற்கெனவே உடைந்திருந்ததால் சத்தம் ஸ்பீக்கரில்தான் வரும். நான் ‘கி’யில் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் அவள் குரல் வந்தது. “அண்ணே, இருக்கியா? லைன் கட்டாயிருச்சுன்னு நெனச்சேன்.” நான் மைக்கைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதேன். பதினாறு வயசுப் பையன்.

மே மாதம் எங்களுக்கு மாதாவின் வணக்கமாதம். தினம் சாயங்காலம் ஒரு வீட்டில் மாதா சுரூபத்தை வைத்துத் தெருவே கூடிச் செபமாலை சொல்லும். வியாழக்கிழமை எங்கள் வீட்டு முறை. கடைசியில் மன்றாட்டு மாலை வரும். கோயில் உபதேசியார் ராகமாக மாதாவை ஒவ்வொரு பெயராகச் சொல்லி அழைப்பார், கூட்டம் ஒரே குரலில் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று பதில் சொல்லும். நான் சின்ன வயசிலிருந்து கேட்டுக் கேட்டு, உபதேசியாரின் வரியையும் வாய்க்குள் கூடவே சொல்வது வழக்கம். பொரிகடலை கொடுத்து எல்லோரும் கலைந்ததும் சித்தி மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அண்ணே, நான் ஒம்பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். உபதேசியாரு சொல்றதையும் நீ சொல்ற. அதுல க-வும் வருது, ப-வும் வருது. ஒனக்கு ஒரு எடத்துலகூட திக்கல.”

நான் வாய்க்குள் ஒரு வரி சொல்லிப் பார்த்தேன்.

“கிடாவையும் அந்த ராகத்துலயே சொல்லேன். நாங்க பதில் சொல்றோம்.”

“தூ... தூத்தேறி,” என்றேன். சாமி குத்தமாகும் என்று பயம்.

“மாதா ஒன்னும் நெனச்சுக்காது. அது புள்ள பெத்தவ” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் வந்துவிட்டாள். மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குகையை வரைந்து, கிடா என்னென்ன செய்யும், அதற்கு நான் என்ன சொல்வது, அவர்கள் என்ன பதில் சொல்வது என்று வரிவரியாக எழுதினோம். “கிடா குனிந்து பாயுதே” என்றால் “விலகிக்கொண்டோம்.” “முன்னால் நிற்கிறவருக்கு மருந்து” என்றால் “போட்டாயிற்று.” சொல்லிப் பார்த்தேன். முதல் வரியே மன்றாட்டு மாலை ராகத்தில் வழுக்கிக்கொண்டு வந்தது. கிடா என்று நான் என் வாயால் சொல்லிக் கேட்டது அன்றுதான். ஹாலில் குதித்தேன். வாத்து உறை தரையில் விழுந்தது.

சனிக்கிழமை எல்லோருக்கும் எழுதி அனுப்பினேன். காரணம் சொல்லவில்லை, கட்டளை சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பதிலில் தெரியும் என்று மட்டும் எழுதினேன். இது பொய்யும் இல்லை. சித்தி மகள் மைக்கில் இரண்டு வரி பாடிக் காட்டியதும், “எங்க ஊர்ல கும்மி அடிக்கிற மாதிரில்ல இருக்கு” என்றான் எரியோட்டுக்காரன். பாலசமுத்திரத்துக்காரர், “பாதயாத்திரைக்காரங்க பழனிக்கு நடக்கறப்ப சொல்லிக்கிட்டே போவாங்கங்க, அது மாதிரிங்க” என்றார். மலேசியாக்காரர், “அப்ப சாவச் சொன்னா என்னா பதில்?” என்று கேட்டார். அவருக்கு இன்னும் பயம் தெளியவில்லை.

ஞாயிறு மூன்று மணி. அப்பா உள்ளறையில் குறட்டை. ஹால் கதவை ஒருக்களித்துவிட்டு மைக்கை வாய்க்கு நேராக வைத்தேன்.  ஒன்பது பேர் மூச்சு விடுவது ஸ்பீக்கரில் கேட்டது. கண்ணை மூடித் தெருவே கூடி நிற்பதாக நினைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

“கிடாவின் முன்னே எரியோட்டாரே...”

“நின்றுகொண்டோம்.”

“கொம்புக்கு இடப்பக்கம் நால்வரே...”

“சேர்ந்துகொண்டோம்.”

அப்படியே போனது. ஒரு வரிகூட இடறவில்லை. அதைவிட ஆச்சரியம், ஆட்டமே மாறிவிட்டது. எழுதிக்கொண்டிருந்தபோது பாதிப் பேர் என் கட்டளையைப் பார்த்திருக்க மாட்டார்கள், மீதிப் பேர் பார்த்தும் மறந்திருப்பார்கள். இப்போது வாயால் பதில் சொன்னவன் கையால் செய்யாமல் இருக்க முடியவில்லை. எல்லோர் காலும் ஒரே தாளத்தில் நகர்ந்தது. கிடா பாய்ந்த பக்கமெல்லாம் ஆளில்லை. பத்து நிமிஷத்தில் அதன் உயிர் பாதிக்கு வந்துவிட்டது. நான் பெரிய கோயில் திருவிழாவில் நிற்கிற மாதிரி குரலை உயர்த்திவிட்டேன்.

அதற்குமேல் எங்கள் தாளில் ஒன்றும் இல்லை. அவ்வளவு தூரம் நாங்கள் போனதே இல்லை. கிடா தரையை உதைத்தது. சுவரெல்லாம் திறந்து குட்டிக் கிடாக்கள் கூட்டமாக எங்கள் முதுகுப்பக்கம் வந்தன. எழுதி வைக்காத வரி. யோசித்தால் திக்கும். நான் யோசிக்கவில்லை. ராகம் நிற்காததால் வாயும் நிற்கவில்லை.

“பின்பக்கம் குட்டிகள் பாயுதே...”

இதற்குப் பதில் யாரும் படிக்கவில்லை.  பாலசமுத்திரத்துக்காரர்தான் அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

“அரோகரா!”

உடனே எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இடப்பக்கக் குட்டிகளை வெட்டுங்க என்றால் அரோகரா. மருந்து மருந்து என்றால் அரோகரா. எரியோட்டுக்காரன் கிடாவைத் தனியாகத் தாங்கி நின்று, கடைசி மூச்சில் கீழே விழுந்தான். அவன் விழுந்த கையோடு கிடாவும் விழுந்தது. ஸ்பீக்கர் கிழிகிற மாதிரி கூச்சல். பிரவுசிங் சென்டரில் சித்தி மகள் நாற்காலி மேல் ஏறி நின்று ஆடியதாகவும், சென்டர்காரர் இனிமேல் வராதே என்று சொன்னதாகவும் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

அம்மா அவ்வளவு நேரமும் அடுக்களை வாசலில் நின்றிருக்கிறாள். மகன் செபம் சொல்கிறான், அதுவும் திக்காமல் சொல்கிறான் என்று முக்காட்டைப் போட்டுக்கொண்டு கண்ணீர் விட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைச் சத்தம் போடாதீர்கள் என்று விரட்டியும் விட்டிருக்கிறாள். கதவைத் தள்ளிக்கொண்டு வந்து மெதுவாகக் கேட்டாள். “ஏம்ப்பா, நல்லாத்தான் சொல்லிக்கிட்டு இருந்தீக. கடைசியில என்ன, அரோகரான்னு ஒரு சத்தம் வருது?”

இதன் பின்கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். அம்மா உபதேசியாரிடம் சொல்ல, அவர் பங்குச் சாமியாரிடம் சொல்ல, வணக்கமாதத்தின் கடைசி நாள் கோயிலில் நான்தான் மன்றாட்டு மாலை சொன்னேன். நன்றாகவே சொன்னேன். அப்பா முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும், “பாத்தியா, சோம்பேறித்தனம் போயிருச்சு” என்றார். மறுநாள் காபியில் சீனி இல்லை என்று சொல்ல நான் கா, கா என்று நின்றபோது மறுபடியும் திட்டினார். அவருக்குக் கடைசிவரை அது விளங்கவில்லை. போகட்டும்.

நான் சொல்ல வந்தது அந்த ஞாயிறு மதியத்தைத்தான். கூச்சல் அடங்கியபின் ஒரு வேலை பாக்கி இருந்தது. கிடா செத்தால் அதன் கொம்பு கிடைக்கும். ஒன்றே ஒன்று. அது யாருக்கு என்று தலைவன்தான் சொல்லவேண்டும், சொன்னால் மறுபேச்சு கிடையாது. 

ராகம் போட்டே சொல்லியிருக்கலாம். ஒரு வரி, வழுக்கிக்கொண்டு வந்திருக்கும். ஆனால் அது ஆட்டத்துக் கட்டளை இல்லை, மெய்யாகச் சொல்லவேண்டியது. எனக்காக விழுந்தவனுக்குக் கொடுக்கிற பொருளை நான் பேசுகிற மாதிரிதான் பேசிக் கொடுக்கவேண்டும் என்று தோன்றியது. மைக்கைக் கிட்டே இழுத்தேன்.

“கொ...” என்றேன். நின்றுவிட்டது. “கொ... கொ...”

அடைத்துக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. ஸ்பீக்கரில் பஸ் ஸ்டாண்டு ஹாரன் ஒன்று கேட்டது, மலேசியாவில் ஏதோ ஒரு பறவை கத்தியது. இதோ இப்போது யாராவது சிரிப்பார்கள், இல்லாவிட்டால் யாராவது எனக்காகச் சொல்லிவிடுவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஒன்பது பேரும் அப்படியே இருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் அவ்வளவு நேரம் எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

“கொம்பு... எரியோட்டானுக்கு,” என்றேன்.

பாலசமுத்திரத்துக்காரர்தான் முதலில் வாய் திறந்தார்.

“சரிங்க தலைவரே. அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்குங்க?”